வடைக்கு வராத எலி

எங்கள் வீட்டுப் பரணில் எலி குடியேறியதை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். நடுராத்திரியில் தலைக்கு மேலே யாரோ கோலி உருட்டுகிற மாதிரி சத்தம். காலையில் பார்த்தால் அரிசிச் சாக்கின் மூலையில் எட்டணா அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து சிந்திய அரிசி அடுப்படி வரை ஒரு கோடு போட்டிருந்தது. "பெரிசு ஒண்ணு வந்திருக்குடா. பொறிய எடுத்து வை" என்றார்.

பொறி, தாத்தா காலத்தது. ஒரு முழ நீளத்தில் மரப்பெட்டி. ஒரு பக்கம் மேலே தூக்கித் திறக்கும் கதவு, எதிர்ப்பக்கம் கம்பி வலை. உள்ளே தொங்கும் கொக்கியில் இரையைக் குத்தி, கதவைத் தூக்கி, மேலே உள்ள குச்சியைக் கொக்கியின் மறுமுனையில் பட்டும் படாமலும் மாட்டிவிட வேண்டும். எலி இரையை இழுத்தால் கொக்கி நழுவும், குச்சி விடுபடும், கதவு விழும். டீக்கடையில் மசால் வடை இரண்டு வாங்கினேன். ஒன்று எலிக்கு, ஒன்று எனக்கு. எலியின் கண்ணில் நன்றாகப் படட்டும் என்று சமையலறையின் நட்டநடுவில் பொறியை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

நான்கு நாள் ஆயிற்று. வடையில் எறும்பு மொய்த்ததுதான் மிச்சம். பொறிக்கு இரண்டடி தள்ளியிருந்த தக்காளிக் கூடையில் மட்டும் தினமும் ஒன்றிரண்டு குறைந்துகொண்டே வந்தது. "இது படிச்ச எலி" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எலி படித்திருக்கவில்லை. நான்தான் படிக்காமல் பொறி வைத்திருந்தேன்.

வந்திருப்பது யார் என்பதையே நான் விசாரிக்கவில்லை. எலி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, நம் வீடுகளுக்கு வரும் ஆட்கள் பல வகை. சுண்டெலி இருபது கிராம் தேறினால் பெரிது. பீரோவுக்குப் பின்னாலேயே கூடு கட்டி, சில அடி தூரத்துக்குள் தன் காலத்தைக் கழித்துவிடும். வீட்டெலி நூறு, இருநூறு கிராம் இருக்கும். உடம்பை விட வால் நீளம், காது பெரிது. ஏறுவதில் கெட்டிக்காரன். தென்னை மரம், கேபிள் கம்பி, ஓட்டுக்கூரை எல்லாம் அதற்குச் சாலை மாதிரிதான். பெருச்சாளி தரையின் ஆள். சாக்கடை ஓரத்திலும் திண்ணைக்கு அடியிலும் வளை தோண்டி மண்ணைக் குவிக்கும். ஆங்கிலத்தில் அதை பாண்டிகூட் என்கிறார்கள். 'பன்றி எலி' என்று பொருள்படும் பந்திகொக்கு என்ற தெலுங்குச் சொல்தான் அங்கே போய் அப்படி ஆனது. பிற்பாடு ஆஸ்திரேலியாவில் இதற்கு எந்த உறவும் இல்லாத ஒரு பிராணிக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிட்டார்கள்.

எங்கள் பரணில் இருந்தது வீட்டெலி. ஐரோப்பியர்கள் கப்பல் எலி என்றும் கருப்பு எலி என்றும் சொல்வது இதைத்தான். மேற்கே பரவிய இந்த எலியின் பூர்வீகம் தீபகற்ப இந்தியா என்பது மரபணு ஆய்வாளர்களின் கணிப்பு. ரோமானியர் காலத்துக் கடல் வணிகத்தோடு சேர்ந்து அது ஐரோப்பா போய்ச் சேர்ந்திருக்கிறது. மிளகு மூட்டையோடு மூட்டையாக நாம் எலியையும் ஏற்றுமதி செய்திருக்கிறோம். அரிசிச் சாக்கை ஓட்டை போட்ட அந்த ஆள், கணக்குப் பார்த்தால், மண்ணின் மைந்தன்.

ஆளைப் பார்க்காமலே அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. புழுக்கையைப் பாருங்கள். சீரகம் மாதிரி இருந்தால் சுண்டெலி. அதைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளமாக, முனை கூர்ந்திருந்தால் வீட்டெலி. இது எதற்கு என்று கேட்கலாம். சுண்டெலிக்கும் வீட்டெலிக்கும் உருவத்தில் மட்டுமில்லை, குணத்திலும் பெரிய வித்தியாசம் உண்டு. பொறி வேலை செய்வதும் செய்யாததும் அந்தக் குணத்தைப் பொறுத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்கு ஒவ்வொரு தானிய மணியும் முக்கியமாக இருந்தது. எலி தின்பதைத் தடுக்க வழி தேடும் வேலை ஆக்ஸ்போர்டில் சார்லஸ் எல்டன் என்ற உயிரியலாளரின் ஆய்வுக்குழுவிடம் வந்தது. அதில் இருந்த டென்னிஸ் சிட்டி முதலானோர் எலிகள் நடமாடும் இடங்களில் கோதுமையை வைத்து, தினமும் எவ்வளவு குறைகிறது என்று எடை போட்டார்கள். எலிகள் ஒழுங்காகத் தின்றுகொண்டிருக்கும் இடத்தில் ஒரு புதுப் பெட்டியை வைத்தால் போதும், சாப்பாடு சட்டென்று குறைந்துவிடும். பெட்டியில் விஷம் இல்லை, விசை இல்லை, ஒன்றும் இல்லை. நேற்று இல்லாத பொருள் இன்று இருக்கிறது என்பதே எலிக்குப் போதுமான காரணம். சில நாள் கழித்து, அந்தப் பெட்டியும் வீட்டுச் சாமான்களில் ஒன்று என்று பழகிய பிறகு, மறுபடி தின்னத் தொடங்கும்.

புதுப்பொருள் அச்சம் என்று இதைச் சொல்லலாம். எஸ்.ஏ. பார்னெட் என்ற ஆய்வாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளரும் வெள்ளை எலிகளிடம் இந்த அச்சம் பெரும்பாலும் போய்விட்டது, காட்டிலும் வீட்டிலும் திரியும் எலிகளிடம் அப்படியே இருக்கிறது என்று கண்டார். மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கல்லெறிந்தும் பொறி வைத்தும் துரத்தியதில், அசட்டுத் துணிச்சல் உள்ள எலிகள் செத்துப்போய், சந்தேகப் பிராணிகள் மட்டும் வம்சம் வளர்த்தன என்று ஒரு கருத்து உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

சுண்டெலிக்கு இந்தப் பயம் ரொம்பக் கொஞ்சம். புதிதாக ஒரு பொருள் வந்தால் முகர்ந்து பார்க்க ஓடிவரும். ஆகவே சுண்டெலிக்கு வைத்த பொறி முதல் இரண்டு ராத்திரியில் வேலை செய்துவிடும். செய்யாவிட்டால் பொறி தப்பான இடத்தில் இருக்கிறது, இடத்தை மாற்றுங்கள். வீட்டெலிக்கு வைத்த பொறியை மாற்றவே மாற்றாதீர்கள். மாற்றும் ஒவ்வொரு தடவையும் அது புதுப்பொருளாகி, எலியின் சந்தேகம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். நான் தினம் காலையில் பொறியை எடுத்துத் துடைத்து, ராத்திரி அதே நடுத் தரையில் வேறொரு பக்கம் வைத்துக்கொண்டிருந்தேன். எலிக்கு என்னைப் போல ஒரு பாதுகாவலன் கிடைத்திருக்க மாட்டான்.

இரண்டாவது தப்பு, இடம். எலியின் கண் மந்தம். இருட்டில் அது உலகத்தை மூக்காலும் மீசையாலும் அறிகிறது. மீசை மயிர் சுவரில் உரசிக்கொண்டே இருந்தால்தான் நடக்கத் தைரியம் வரும். நட்டநடுத் தரை என்பது ஆந்தையும் பூனையும் பாய்கிற வெட்டவெளி, அதை அவசரத்துக்கு மட்டுமே கடக்கும். ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போவதால், உடம்பின் எண்ணெயும் அழுக்கும் படிந்து சுவரோரம் கருத்த பட்டை விழும். பழைய வீடுகளில் உத்திரத்தின் மேல் இதைப் பார்த்திருப்பீர்கள்.

பாதை தெரியவில்லையா? கோலப்பொடியை எடுத்துச் சுவரோரமாக மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுங்கள். அரிசிமாவு வேண்டாம், விருந்தாகிவிடும். கல்மாவு போதும். நான் பரணிலும் அலமாரி மேலும் சமையலறைத் தரையிலும் தூவிவிட்டு, காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு ஐந்து விரல், நடுவில் வால் இழுபட்ட கோடு. பரணின் பின்சுவரை ஒட்டி, பழைய டிரங்குப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து வழியாக, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வரைக்கும் ராஜபாட்டையே போட்டிருந்தது. நான் பொறி வைத்த சமையலறை நடுப்பகுதியில் ஒரு தடம் கூட இல்லை.

வடையைப் பற்றி நம்மிடம் இருக்கிற பெருமை வீணில்லை. சினிமாவில் எலி என்றால் பாலாடைக்கட்டி. நிஜத்தில் எலிக்கு அதன் மேல் தனிப்பட்ட காதல் கிடையாது. தானியம், பருப்பு, கொழுப்பு இவைதான் பிரியம். கடலைப்பருப்பை அரைத்து, சோம்பும் வெங்காயமும் சேர்த்து எண்ணெயில் பொரித்தால் அத்தனையும் ஒரே இடத்தில், தெருக்கோடி வரை வாசத்தோடு. சுட்ட தேங்காய்ச் சில்லும் கருவாடும் கூட நல்ல தேர்வுதான். ஆனால் இரையை வெறுமனே வைத்தால் பெட்டிப்பொறியில் பலன் இல்லை. நோகாமல் நக்கிவிட்டுப் போய்விடும். தேங்காய்ச் சில்லைக் கொக்கியில் இறுக்கிக் குத்தினால் பிய்த்து இழுக்காமல் தீராது. இழுத்தால்தான் கதவு விழும். காய்ந்த வடை கொக்கியில் உதிரும் என்பதால், நூல் சுற்றிக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

எலி ஒரு தின்பண்டத்தை எப்படி நம்புகிறது என்பது இன்னொரு கதை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலஃப் ஒரு எலிக்குக் கோகோ கலந்த தீனியையும் வேறொன்றுக்கு இலவங்கப்பட்டை கலந்த தீனியையும் கொடுத்தார். பிறகு அவற்றைப் பசியோடிருந்த சக எலிகளோடு கொஞ்ச நேரம் விட்டார். அவை வந்தவற்றின் வாயை முகர்ந்தன. அப்புறம் இரண்டு தீனியையும் வைத்தால், கோகோ தின்றதை முகர்ந்த எலி கோகோவையும் பட்டை தின்றதை முகர்ந்த எலி பட்டையையும் தேடிப் போயின. எலியின் மூச்சில் வரும் கார்பன் டைசல்ஃபைடு என்ற வாயுவோடு சேர்ந்து வரும் வாசம், 'இதை ஒருத்தன் தின்றுவிட்டு உயிரோடு இருக்கிறான்' என்று அர்த்தமாகிறது. இதில் வேடிக்கை, தின்ற எலி நோயில் சுருண்டு கிடந்தாலும் முகர்ந்த எலி அதே தீனியைத்தான் விரும்பியது. ஓர் எலி செத்தால் மற்றதெல்லாம் உஷாராகிவிடும் என்று நாம் சொல்வதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆனால் தானே தின்று தானே பிழைத்த எலி மறக்காது. அமெரிக்காவில் ஜான் கார்சியா 1955-இல் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கதிர்வீச்சால் உடம்பு சுகமில்லாமல் ஆக்கினார். அதற்குப் பிறகு அவை இனிப்புத் தண்ணீரைத் தொடவில்லை. தின்பதற்கும் நோய் வருவதற்கும் நடுவில் சில மணி நேரம் ஆனாலும் எலி காரணத்தை நாக்கோடுதான் முடிச்சுப் போடும் என்று அவருடைய பிந்தைய ஆய்வுகள் காட்டின. எலியால் வாந்தி எடுக்க முடியாது. தின்றுவிட்டால் தின்றதுதான். ஆகவே முதலில் ஒரு கடி, பிறகு காத்திருப்பு என்று அது பழகியிருக்கிறது.

உடனே வேலை செய்யும் எலி மருந்துகள் தோற்றது இந்த இடத்தில்தான். கொஞ்சம் கடித்து, வயிறு கலங்கி, பிழைத்த எலி மறுபடி அந்தப் பக்கம் வராது. அதை ஏமாற்றவே, தின்ற சில நாள் கழித்து ரத்தம் உறையாமல் செய்து கொல்லும் வார்ஃபரின் வகை மருந்துகள் 1940-களின் கடைசியில் வந்தன. கடையில் விற்கும் எலி கேக் அந்த வம்சம். எந்த வீட்டுக்காரரும் விரும்பாத ஒரு குறை அதில் உண்டு. எலி எங்கே போய்ச் சாகும் என்று சொல்ல முடியாது. பொய்க்கூரைக்குள் செத்தால் பத்து நாள் வீட்டில் இருக்க முடியாது. அதைத் தின்ற ஆந்தைக்கும் பூனைக்கும் விஷம் ஏறும்.

எலி பேஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசை மனிதனின் கல்லீரலை அழிக்கும், மாற்று மருந்து கிடையாது. முதல் ஓரிரு நாள் ஆள் தெளிவாக இருப்பது போலத் தோன்றுவதுதான் அதன் வஞ்சகம். தமிழகத்தில் அது பறித்த உயிர்கள் பல. மாநில அரசு அதற்குத் தடை விதித்திருக்கிறது. பாஸ்பைடு மாத்திரைகள் ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும், அவை குடியிருக்கும் வீட்டுக்குள் வரவே கூடாதவை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்துபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். குழந்தை இருக்கும் வீட்டில் பொறிதான் சரி என்று நான் சொல்வதற்கு வேறு காரணம் வேண்டாம்.

பொறிகளில் பலகையில் ஸ்பிரிங் வைத்து அடிக்கிற வகைக்கு, 1894-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து வில்லியம் ஹூக்கர் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு எலிப்பொறிக்கென்று ஆயிரக்கணக்கான காப்புரிமைகள் வந்தும், கடையில் விற்பது ஏறக்குறைய அவருடைய வடிவம்தான். அதைச் சுவருக்குக் குறுக்காக, இரை வைக்கும் நாக்கு சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எலி அதை மிதித்தாக வேண்டும். சரியாக அடித்தால் எலிக்கு நொடியில் முடிந்துவிடும்.

நம் ஊரில் இதற்கு வெகு முன்பே வயலில் கிட்டி இருந்தது. காவிரிப் படுகையில் நெல் பால் பிடிக்கும் பருவத்தில், தஞ்சாவூர் கிட்டி வைப்பவர்கள் சாயங்காலம் கட்டுக்கட்டாகச் சுமந்துகொண்டு வரப்பில் நடப்பார்கள். வளைத்துக் கட்டிய மூங்கில், ஒரு கயிறு, நுனியில் இரை. எலி தொட்டதும் வில் விடுபட்டு இறுக்கிவிடும். விடிவதற்குள் வந்து எடுத்து, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிக்கொள்வார்கள். அவர்களிடம் கேட்டால் வளையின் வாயில் கிடக்கும் மண் ஈரமா காய்ந்ததா என்பதை வைத்தே எலி உள்ளே இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். இரையை விட இடம் முக்கியம் என்று ஆக்ஸ்போர்டு போகாமலே தெரிந்தவர்கள்.

பசை அட்டையை நான் வாங்குவதில்லை. ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில், சிலசமயம் நாள் கணக்கில் துடித்துச் சாகிறது. பல்லி, அணில், குருவிக்குஞ்சு எதுவானாலும் ஒட்டும். பயத்தில் எலி விடும் சிறுநீரும் மலமும் அட்டை முழுக்க. இங்கிலாந்தில் 2022-இல் பொதுமக்கள் அதைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டார்கள். இந்தியாவிலும் விலங்கு நல வாரியம் அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மீயொலி எழுப்பி எலியை விரட்டும் என்று பிளக்கில் சொருகும் கருவி விற்கிறதே, அதற்குச் செலவழிக்கும் காசுக்கு வடை வாங்கலாம். எலிக்கு அந்தச் சத்தம் கேட்கிறது, ஆனால் சீக்கிரம் பழகிவிடுகிறது.

எங்கள் கதைக்கு வருகிறேன். பொறியைப் பரணுக்குத் தூக்கி, டிரங்குப் பெட்டிச் சந்தின் வாயில் சுவரை ஒட்டி வைத்தேன். கதவை நூலால் தூக்கிக் கட்டினேன், விழாதபடி. கொக்கியில் குத்தாமல் வடைத் துண்டுகளைப் பொறியின் வாசலிலும் உள்ளேயும் போட்டேன். இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் வாசலில் போட்ட துண்டு போயிற்று. நான்காம் நாள் உள்ளே இருந்ததும் போயிற்று. ஐந்தாம் நாளும் விருந்து. "எலிக்குப் படியளக்கிறியா?" என்று அம்மா கேட்டார். ஆறாம் நாள் நூலை அவிழ்த்து, கொக்கியில் சுட்ட தேங்காயை இறுக்கிக் குத்தி, மாட்டினேன். ராத்திரி இரண்டு மணி இருக்கும். 'டப்'.

அடுத்த ராத்திரியும் ஒன்று. அதற்கடுத்து மூன்று நாள் கழித்து, குட்டி ஒன்று. ஒன்று பிடித்தவுடன் வேலை முடிந்தது என்று பொறியைத் தூக்கி வைப்பவர்கள்தான் அதிகம். எலிக்குக் கர்ப்பகாலம் மூன்று வாரம், ஈற்றுக்கு ஆறேழு குட்டி, மூன்று மாதத்தில் அந்தக் குட்டியும் தாயாகும். ஒரு பொறியை ஒரு மாதம் வைப்பதை விட, நான்கு பொறியை ஒரு வாரம் வைப்பது மேல்.

இடையில் ஒருநாள் பொறியில் மாட்டியது மூஞ்சூறு. கூர்மூக்கு, சின்னக் கண், கஸ்தூரி நாற்றம். அது எலி இனமே இல்லை. கொறிக்கும் பல் கிடையாது, தின்பது கரப்பானும் பூச்சியும். தாய் முன்னே போக, குட்டிகள் ஒன்றன் வாலடியை ஒன்று கவ்விக்கொண்டு ரயில் பெட்டி மாதிரி பின்னால் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளையாருக்காக இல்லாவிட்டாலும் கரப்பானுக்காகவாவது அதைத் திறந்துவிடுங்கள்.

பிடிபட்ட எலியைக் கையால் தொடக் கூடாது. அதன் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் சிராய்ப்பு இருந்தால் அதுவே வாசல். செத்த எலியென்றால் இன்னொரு காரணமும் உண்டு. 1898-இல் கராச்சியில் பால்-லூயி சிமோன், பிளேக் எலியிலிருந்து மனிதனுக்கு வருவது தெள்ளுப்பூச்சி வழியாக என்று காட்டினார். எலியின் உடல் ஆறியதும் தெள்ளுகள் அடுத்த சூடான உடம்பைத் தேடும். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்து, ஆழமாகப் புதைத்து, பொறியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவுங்கள். உயிரோடு பிடித்ததை எதிர்த்தெருவில் விடுவது தர்மம் என்று நினைப்பவர்கள், எதிர்த்தெருக்காரரும் அதே தர்மத்தைச் செய்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்குக் கம்பி வலை அடித்தேன். குழாய் நுழையும் சந்துகளில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை அடைத்து, மேலே சிமென்ட் பூசினேன். எலியின் முன்பல் ஆயுசு முழுக்க வளரும், ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல். மரம், பிளாஸ்டிக், ஈயக் குழாய் எதையும் கொறித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வீட்டெலிக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் சந்து போதும். சுண்டெலிக்கு ஆறு. இன்றைக்கு ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு சமையலறையைச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழைகிற இடமெல்லாம் சுண்டெலிக்கு வாசல்.